படித்தது அறுபது, உள்ளது அறுபது

பம்ப் போட்டாயிற்று. இனி ஒன்றரை மணி நேரம் எனக்கு வேலை எதுவும் கிடையாது, இன்றைக்கு அதுதான் கஷ்டம். மூன்று பம்புகளும் சேர்ந்து தொட்டிக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும், ஊர்க்காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்க வேண்டும், அதன் பிறகு நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் கால் வினாடியில் எல்லாம் முடிந்துவிடும். கால் வினாடிக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிற வேலை. கல்யாணமான புதிதில் இவரிடம் சொன்னபோது, ஏன் நீங்க தொட்டியைச் சின்னதாக் கட்டக் கூடாது என்று கேட்டார், தமிழ் வாத்தியாருக்கு அதற்கு மேல் என்ன தோன்றும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று புளியமரத்தைப் போட்டு உலுக்குகிறது, அதற்கும் அப்பால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. காற்றுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் காற்றை ஒழிப்பதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் கட்டியவர் யார் என்று இருபத்தாறு வருஷமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை. "மேடம், நானூறு மில்லிபார்" என்கிறார் ஞானதாஸ் அண்ணன், அழுத்தம் காட்டுகிற கேஜுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. இந்தத் தொட்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று என்னைவிட அவருக்குத்தான் தெரியும், என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். என் மேஜையில் நீலக் கோப்பு. கோப்புக்குள் மார்ச் பதினான்காம் தேதித் தாள். நேற்று சாயங்காலம் அதைத் திறந்திருக்க வேண்டாம். திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன், தப்பு மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

தொட்டிக்குள் இரண்டு உருண்டைகள் நூலில் தொங்குகின்றன. ஒன்று டேபிள் டென்னிஸ் பந்து அளவு, மற்றது அரைநெல்லிக்காய் அளவு. பொத்தானை அழுத்தியதும் வாயு அசுர வேகத்தில் உள்ளே பாயும், அதைத்தான் ஓட்டம் என்போம், அதில் நூல் எரிந்துவிடும், இரண்டும் சுதந்திரமாகப் பறக்கும், காமிரா படம் பிடிக்கும். வேகமாகப் போகிற எந்தப் பொருளுக்கு முன்னாலும் காற்று ஒரு சுவராக இறுகி நிற்கும், அதைத்தான் அதிர்வலை என்கிறோம். தரைக்குப் பக்கத்தில் அந்தச் சுவர் காகிதத்தைவிட மெல்லிசு, பட்டால் பட்டதுதான். எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில், காற்று இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற இடத்தில், அது பஞ்சு மெத்தை மாதிரி அகன்றுவிடும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. பெரியதன் அலை சின்னதன்மேல் விழும்போது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. கெட்டியான சுவர் என்றால் சின்னதை அடித்து வெளியே தள்ளிவிடும். மெத்தை என்றால் தள்ளுமா, உள்ளேயே வைத்துக்கொள்ளுமா? யாரோ இருவர் விளையாடுகிற விளையாட்டு மாதிரி இருக்கிறது, சொல்லிக் கேட்டால். ஆனால் பெரிய உருண்டை என்பது விண்வெளியிலிருந்து திரும்பி வருகிற கூடு, சின்னது என்பது வருகிற வழியில் அது கழற்றிவிடுகிற மூடி. மூடி விலகாமல் கூடவே வந்தால் கூட்டில் மோதலாம், கூட்டுக்குள் அடுத்த வருஷம் மூன்று பேர் உட்காரப்போகிறார்கள். அந்த மூவரில் ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் கூட்டத்துக்கு வந்திருந்தாள், விமானப்படைப் பெண், டீயோடு வைத்திருந்த முறுக்கைச் சத்தம் வராமல் கடிக்கப் பார்த்து முடியாமல் சிரித்தவள். இடைவேளையில் என்னிடம் வந்து, "மேடம், மூடி கழண்டப்புறம் எங்கள விட்டுப் போயிடும்தானே?" என்று கேட்டாள். "போயிடும்" என்றேன். கொஞ்சங்கூட யோசிக்கவில்லை. யோசித்துச் சொல்கிற பழக்கம் உள்ளவள் நான், அன்றைக்கு யோசிக்கவில்லை, ஏனென்றால் போகும் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொன்னவள் நான்தான், மார்ச்சில் அது அப்படியே நடந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். தான் சொன்னது நடந்தால் மனுஷிக்கு வருகிற மிதப்பு இருக்கிறதே, அது எந்த கேஜிலும் காட்டாது.

"எழுவது மில்லிபார், இனி பூஸ்டர் போடுகேன்" என்கிறார் அண்ணன். பூஸ்டர் பம்ப் உறுமத் தொடங்குகிறது, தரை வழியாக ஏறி என் நாற்காலியின் கால்களுக்கு வந்து முழங்காலில் நிற்கிறது அந்த அதிர்வு. மார்ச்சிலும் இதே உறுமல்தான், இதே நாற்காலிதான். அந்த ஸ்டூலில் மட்டும் யாரும் இல்லை. அண்ணனின் மகளுக்கு அன்று மார்த்தாண்டத்தில் நிச்சயம். நைட்ரஜன் சிலிண்டர் அந்த வாரம் வந்து சேரவில்லை, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அறிக்கை வேண்டும் என்று நம்பிராஜன் தினமும் போன் செய்தான், கூட்டைக் கட்டுகிற குழுவுக்கு அவன்தான் தலைவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், அவசரக்காரன், ஆனால் கெட்டவன் இல்லை. சரி, ஆர்கானில் ஓட்டுவோம், கணக்கை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்வோம் என்றேன். எல்லாவற்றையும் மாற்றினேன். வேகத்தை மாற்றினேன், வெப்பத்தை மாற்றினேன், தொட்டியை இரண்டு தடவை ஆர்கானால் அலசினேன். கேஜை மட்டும் மறந்தேன். எங்கள் கேஜுக்கு நைட்ரஜன்தான் தெரியும். ஆர்கானைக் கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்தினால் குறைத்துச் சொல்லும், மில்லிபாரைவிடப் பொடி அளவான மைக்ரானில் அறுபது என்று காட்டும்போது உள்ளே உண்மையில் நூறு இருக்கும். இது கல்லூரிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரியாமல் யாரும் செய்கிற தப்பு இல்லை இது, பக்கத்தில் அண்ணன் இல்லாவிட்டால் செய்கிற தப்பு. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓட்டத்துக்கு முன்னால் கேஜைப் பார்த்து, சுவரில் ஒட்டியிருக்கிற வாயுத் திருத்த அட்டவணையையும் பார்த்து, சத்தமாக மூன்று தடவை சொல்லுவார். ஆர்கான் என்றால், படிச்சது அறுவது, உள்ளது நூறு. நான் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும், தாளில் இரண்டு கட்டத்திலும் எழுத வேண்டும். நைட்ரஜனில் ஓட்டும்போதும் விடமாட்டார், படிச்சது அறுவது, உள்ளது அறுவது என்பார். "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே, ஜெபமா பண்றீங்க?" என்று எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். சிரிப்பார், சொல்வதை நிறுத்தமாட்டார். மார்ச் பதினான்காம் தேதி யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. நானே பார்த்து, நானே மனதுக்குள் சொல்லி, இரண்டு கட்டத்திலும் அறுபது என்று எழுதினேன்.

நேற்றுதான் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். மேலே வாயு: ஆர்கான். கீழே படித்தது அறுபது, உள்ளது அறுபது. என் கையெழுத்து, குண்டு குண்டாக. இரண்டு மாதம் கோப்புக்குள் அப்படியே கிடந்திருக்கிறது, ஆறு பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. நாங்கள் நினைத்ததைவிட அன்றைக்கு வாயு கெட்டி. சுவரும் கெட்டி. அதனால்தான் சின்னது அவ்வளவு அழகாக விலகிப்போனது. உண்மையான உயரத்தில் விலகுமா என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரியும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்றைய ஓட்டம் ஆய்வுக்குழு கேட்டதற்காக, ஆர்கானிலேயே பார்த்துவிட்டீர்கள், சம்பிரதாயத்துக்கு நைட்ரஜனில் ஒன்று என்று எழுதியிருந்தார்கள். சரி, இன்றைக்கு ஓட்டிப் பார்ப்போம். சின்னது விலகிவிட்டால்? விலகிவிட்டால் மார்ச்சில் சொன்னதும் சரி, ஏப்ரலில் அந்தப் பெண்ணிடம் சொன்னதும் சரி, அறுபதோ நூறோ, யாருக்கும் நஷ்டமில்லை, நீலக் கோப்பை மூடிவிடலாம். விலகாவிட்டால் அப்போது சொல்லலாம். ஒன்றரை மணி நேரம் பொறுத்தால் போதும், எதற்கு இப்போதே வாயைத் திறந்து. ராத்திரி முழுக்க இந்த இடத்தில் வந்து வந்து நின்றேன். நியாயமாகத்தான் படுகிறது. நியாயமாகப் படுகிற விஷயத்துக்கு ஏன் தூக்கம் வராமல் போக வேண்டும்? இவர் புரண்டு படுத்து, "என்ன உலகு, பரீட்சைக்கா போற?" என்றார். உலகம்மாள் என்ற என் பெயரை இப்படிச் சுருக்குகிற ஒரே ஆள். ஆமாம் என்றேன்.

ஆனால் வாயைத் திறப்பதும் அவ்வளவு லேசில்லை, அங்கேதான் மறுபடி மறுபடி மாட்டிக்கொள்கிறேன். தாளின் அடியில் கேஜ் படித்தவர் என்ற இடத்தில் ஞானதாஸ் என்று கையெழுத்து இருக்கிறது. ஆள் மார்த்தாண்டத்தில் சம்பந்திகளுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார், கையெழுத்து இங்கே இருக்கிறது. லீவில் போகும்போது நாலைந்து வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம், ஓட்டம் அவரால் நின்றுபோகக் கூடாதே என்று. நான்தான் அதைப் பழக்கினேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, இப்ப ஒரு தாள் போட்டு வச்சிட்டுப் போங்கண்ணே, அவசரத்துக்கு ஆகும் என்றேன், அப்படியே நிலைத்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாவிட்டால், கோப்பை யாராவது திறக்கிற அன்று தப்பாகப் படித்தவர் ஞானதாஸ். அவர் அன்று லீவு என்று நான் சொன்னால், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டவர் ஞானதாஸ், அது இன்னும் பெரிய குற்றம். இன்னும் பதினோரு மாதம்தான் சர்வீஸ் இருக்கிறது மனுஷனுக்கு. முப்பத்தைந்து வருஷத்தில் ஓர் எண்ணைக்கூடத் தப்பாகப் படிக்காதவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் தப்பு போய் அவர்மேல் விழுகிறது. கல்யாணமான வருஷம் இதே ரோட்டில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம், பின்னால் வந்த லாரி எங்களைத் தாண்டியது. தாண்ட வரும்போது ஓரத்துக்குத் தள்ளியது, பக்கத்தில் வந்ததும் தன் பக்கம் இழுத்தது, நான் அலறி இவர் இடுப்பைப் பிடித்தேன். பயந்தது விழுந்துவிடுவோம் என்பதற்கில்லை, லாரிக்காரனுக்கு எங்களைத் தெரியவே தெரியாது என்பதற்குத்தான், அவன் பாட்டுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போயிருப்பான். இப்போது லாரி நான். அண்ணன் பாட்டுக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

போன் அடித்தது. நம்பிராஜன். "என்ன மேடம், போயிட்டு இருக்கா? பழைய ரிசல்ட்தானே வரப்போவுது, பன்னெண்டு மணிக்குள்ள ஒரு வரி அனுப்பிட்டீங்கன்னா மூடி டிசைனை இன்னைக்கே ஃப்ரீஸ் பண்ணிருவேன், அப்புறம் மாத்த வேண்டாம்." வந்ததும் சொல்றேன் என்றேன். "வராம எங்க போவும்" என்று சிரித்துவிட்டு வைத்தான். என் குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "முன்னூறு மைக்ரான்" என்றார் அண்ணன். "சாயா குடிக்கியளா மேடம், நேரம் கெடக்கு." வேண்டாம் என்றேன். அவர் தன் பிளாஸ்கிலிருந்து மூடியில் ஊற்றிக் குடித்தார், மூடியைத் துடைத்தார், திருகி மூடினார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டில் நல்ல சனம் என்றார், நிச்சயத்தன்று மழை வந்து பந்தல் சாய்ந்துவிட்டது, ஆனாலும் ஒருவர் முகத்திலும் சுணக்கம் இல்லை என்றார். நிச்சயத்தன்று. மார்ச் பதினான்கு. அவர் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை, மகளை நினைத்த சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன், ஐம்பத்து நாலு வயதில் கேஜ் முன்னால் அழக் கூடாது. விலகிவிட்டால் சொல்ல வேண்டாம், விலகாவிட்டால் சொல்லலாம். இப்போது புரிகிறது இதில் என்ன கோணல் என்று. ஓட்டத்துக்குப் பிறகு சொன்னால் அது பிடிபட்டவள் சொல்வது. அதுகூடப் பரவாயில்லை. பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்க்கும்போது நான் எதைப் பார்ப்பேன்? சின்ன உருண்டையையா பார்ப்பேன்? போயிடு, போயிடு என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் விலகிவிட்டது என்று எழுதிவிடுவேன், மெத்தைக்கு ஓரம் எது என்று யாருக்குத் தெரியும், நான் சொன்னதுதான் ஓரம். முறுக்கைச் சத்தம் வராமல் கடிக்கப் பார்த்த பெண் அதை நம்பி உள்ளே ஏறி உட்காருவாள்.

இன்றைய தாளை எடுத்தேன். குறிப்பு என்று அடியில் நாலு வரி இடம் இருக்கும், இருபத்தாறு வருஷத்தில் அதில் யாரும் எழுதியதில்லை. மார்ச் 14 ஓட்டத்தில் ஆர்கானுக்கான திருத்தம் செய்யப்படவில்லை, படித்தது அறுபது, உள்ளது நூறு, கேஜைப் படித்தது நான், தப்பு என்னுடையது, மார்ச் முடிவை நம்ப வேண்டாம் என்று எழுதினேன். அண்ணனின் லீவைப் பற்றி எழுதவில்லை. அவரை விட்டுவிடலாம் என்றுதான். நான் படித்தேன் என்று நானே சொல்கிறபோது அவர் கையெழுத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன், பார்ப்பார்கள் என்று தெரிந்தும். தாளைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். "ஓட்டத்துக்கு முன்னாடி இதப் படிச்சிருங்கண்ணே." நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். கேஜைப் படிப்பதுபோலவே படித்தார், உதடு அசைய, நிதானமாக. ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. நான் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவர் என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று.

"நூறுல்லா" என்றார் கடைசியில். "அந்த மூணு பிள்ளைகளும் ஏறப்போறது இத நம்பியா?" ஆமாம் என்றேன். பிறகு, "எனக்க கையெழுத்து மார்ச்சு தாளுல எப்படி வந்துன்னு கேப்பாவல்லா? அத எழுதல்லியே நீங்க" என்றார். வேண்டாம்ண்ணே, அது உங்களுக்கு என்று தொடங்கினேன், முடிக்க விடவில்லை. "பாதி எழுதினா மீதியும் பொய்யின்னு நெனப்பாவ மேடம். பொறவு நீங்க நூறுன்னு சொல்லுகதையும் ஆரும் நம்ப மாட்டாவ." பேனாவை வாங்கி, நான் விட்டிருந்த கடைசி வரியில் எழுதினார், அன்றைக்கு நான் லீவு, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்தது என் குற்றம், ஞானதாஸ். தேதியும் போட்டார். "நான் பழக்குனதுண்ணே அது" என்றேன், எனக்கே கேட்காத குரலில். "பழக்குனா போட்டிருவேனா, எனக்குப் புத்தியில்லியா?" என்றார், கோபமாகத்தான் சொன்னார், இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கோபப்பட்டது அது ஒரு தடவைதான். அவர் வரிக்குக் கீழே ஓரத்தில், கேட்டு வாங்கியது நான் என்று எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். அவர் தடுக்கவில்லை. கேஜ் பக்கம் திரும்பிக் கண்ணாடியைச் சரிசெய்தார். சுவரிலிருந்த அட்டவணையில் நைட்ரஜன் வரியில் விரலை வைத்தார். "படிச்சது அறுவது, உள்ளது அறுவது." நான் திரும்பச் சொன்னேன். படித்தது அறுபது, உள்ளது அறுபது. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. சொல்லும்போது ஒவ்வொரு எழுத்தாக என் காதில் விழுந்தது, கேலி செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

பொத்தானை அழுத்தினேன். எங்கோ ஒரு வால்வு தட்டியது, அவ்வளவுதான், கால் வினாடி முடிந்தது. காமிராப் படத்தை மெதுவாக ஓடவிட்டு இரண்டு பேரும் திரைக்கு முன்னால் நின்றோம். பெரியதற்கு முன்னால் இளஞ்சிவப்பாக ஓர் ஒளி, ஓரமே இல்லாமல் கரைந்து பரவியது. சின்னதற்கு முன்னாலும் அப்படி ஒன்று, குட்டியாக. இரண்டும் தொட்டன, எந்த இடத்தில் தொட்டன என்று சொல்ல முடியாதபடி கலந்தன. நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன், அந்த நிம்மதியை என்னால் சொல்ல முடியாது. சின்னது கொஞ்சம் வெளியே நகர்ந்தது. நின்றது. பிறகு திரும்பிப் பெரியதன் பக்கவாட்டிலேயே, விலகாமல், முட்டாமல், படம் முடிகிற வரைக்கும் கூடவே போனது. "போகல்ல" என்றார் அண்ணன். "போகல" என்றேன். போனை எடுத்து நம்பிராஜனைக் கூப்பிட்டேன், பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. "வந்துருச்சா மேடம்? விலகிருச்சுல்ல?" என்றான். "விலகல. மார்ச்சில நான் சொன்னது தப்பு. டிசைனை ஃப்ரீஸ் பண்ணாதீங்க, தாளை அனுப்புறேன், என்ன நடந்ததுன்னு ரெண்டு பேரும் அதுல எழுதியிருக்கோம்" என்றேன். கமிட்டிக்கு நான் என்னன்னு சொல்லுவேன் என்று ஆரம்பித்தான், நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்றேன். "ஏப்ரல் மீட்டிங்குக்கு விமானப்படையிலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருந்தாளே, மூடி விட்டுப் போயிடுமான்னு எங்கிட்ட கேட்டா. அவ நம்பரைக் குடுங்க. நானே சொல்லணும்." தேடி எடுத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தான். எழுதிக்கொண்டு, நான் அதை மூன்று தடவை திரும்பச் சொன்னேன்.